நெட்டா கொண்டுவந்த எஃகு மட்டைகள்

பிட்கரோ பெண்கள் கோல்ஃப் சங்கத்தில் ஃபெமி லம்ஸ்டன் தோற்றதே இல்லை என்று சொன்னால் அது மிகை. தோற்றிருக்கிறாள். ஆனால் ஒரு வருடம் அவளுக்கு நிமோனியா, இன்னொரு வருடம் மணிக்கட்டு சுளுக்கு. மற்றபடி ஆகஸ்ட் பிறந்தால் சங்கத்தின் வெள்ளிப் பதக்கம் அவள் கோட்டில்தான் ஏறும். ஊரும் அதை வானிலை மாதிரி எடுத்துக்கொண்டிருந்தது.

காலையில் ரோலோ ரொட்டிக்கடையில் கல்லா மேசைக்குப் பின்னால் நிற்பாள். மதியம் ஆனதும் மாவு படிந்த ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலோரப் பாதையில் நடப்பாள். பையில் ஏழு மட்டைகள். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் உறவே கிடையாது. ஒன்று லெவன் சந்தையில் கிடைத்தது, ஒன்று செத்துப்போன பாதிரியாரின் வீட்டு ஏலத்தில் எடுத்தது, பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை அவள் அப்பாவுடையது. மட்டை எடுக்கப் போனால் அவளுடன் போகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். ஹிக்கரி மரக் காம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மரத்தின் ரேகை கோணாமல் ஓடுகிறதா என்று பார்ப்பாள். முனையைத் தரையில் ஊன்றி வளைத்துப் பார்ப்பாள். பிறகு வீசுவாள், மறுபடி வீசுவாள். ஒரு நாள் முழுக்க வீசிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்ததும் உண்டு. முதல் அடிக்கான பெரிய மட்டையின் காம்பு கொஞ்சம் துவளும். ஓங்கிய பிறகு அரை மூச்சு காத்திருந்து இறக்கினால்தான் அது பேச்சைக் கேட்கும். அந்த அரை மூச்சு ஃபெமிக்கு மட்டுமே தெரியும்.

அந்த ஏழில் அவளுக்கு உயிர் மேஷி. நடுத்தர தூரத்திலிருந்து பந்தை உயரத் தூக்கி, கொடிக்குப் பக்கத்தில் பொத்தென்று இறக்குகிற இரும்புத் தலை மட்டை. கல்யாணத்தன்று கணவன் ஆர்ச்சி அவளுக்குக் கொடுத்தது. மோதிரம் மெல்லியதாக இருந்தாலும் மேஷி கனமாக இருந்தது என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள்.

பந்துகளிலும் அவளுக்கு அதே கறார். அவள் சிறுமியாக இருந்தபோது பந்து என்றால் மரப்பாலை உருட்டிக் கெட்டியாக்கியது. வெட்டுப்பட்டால் அப்பா அதை அடுப்படியில் வெந்நீரில் போட்டு இளக்கி, மறுபடி உருட்டி, வெள்ளை அடிப்பார். வீடு முழுக்க எரிந்த செருப்பு நாற்றம் வரும். பிறகு உள்ளே ரப்பர் இழை சுற்றிய பந்து வந்தது. முதல் நாள் அதை அடித்துப் பார்த்த அப்பா, "இது பந்தா, தவளையா?" என்று கேட்டார். அந்த வாரமே அவரும் அதற்கு மாறினார். ஃபெமியும் மாறினாள். புதிது என்பதற்காக அவள் எதையும் வெறுத்ததில்லை. அதை இங்கே சொல்லிவிடுவது நியாயம். அவள் வெறுத்தது நெட்டாவை.

நெட்டா ஆர்ச்சியின் தங்கை. பெயருக்குத் தகுந்தாற்போல் நெட்டையானவள். ஃபெமியும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அண்ணன் கல்யாணம் முடிந்த கையோடு வீட்டுவேலைக்கென்று அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினாள். ஒஹாயோவில் குழாய்த் தொழிற்சாலை மேஸ்திரி ஒருவனைக் கட்டிக்கொண்டாள். பிறகு தொழிற்சாலையும் மூடியது, மேஸ்திரியும் போய்ச் சேர்ந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருடம் ஜூன் மாதம் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு மட்டைப் பையுமாக பிட்கரோ ரயிலடியில் இறங்கி, அண்ணன் வீட்டுப் பின்னறையில் குடியேறினாள்.

டிரங்குப் பெட்டியை யாரும் கவனிக்கவில்லை. பையைத்தான் ஊரே கவனித்தது. எஃகுக் காம்பு போட்ட மட்டைகள்! ஒன்றரை வருடத்துக்கு முன்புதான் இந்தப் பக்கத்தில் அவற்றுக்கு அனுமதி கிடைத்திருந்தது. பெட்ரியின் கடைச் சன்னலில் ஒன்றே ஒன்று நின்றது, அதையும் யாரும் வாங்கவில்லை. நெட்டாவிடம் இருந்ததோ ஒரே அச்சில் வார்த்த குடும்பம். தலையில் எண் போட்டு, வரிசையாக, வெயில் பட்டால் கண் கூசும்படி.

முதல் நாள் முதல் குழிக்கான அடிமேடையில் அவள் அடித்த பந்து போன தூரத்தைப் பார்த்து, வேலியோரம் நின்றிருந்த பெண்கள் "ஆத்தாடி!" என்று வாயைப் பொத்தினார்கள்.

"சத்தத்தைக் கேட்டீங்களா? தகரத்தைத் தட்டின மாதிரி," என்றாள் ஃபெமி.

"சத்தம் எப்படியோ போகட்டும், பந்து எங்கே போச்சு பாரு," என்றாள் மீன்காரி பெசி. "எனக்குக் கண்ணுக்கே தெரியலை."

ஃபெமிக்குத் தெரிந்தது. எந்த மேட்டை அவள் பந்து நல்ல நாளில் தொடுமோ, அந்த மேட்டைத் தாண்டி விழுந்திருந்தது.

அன்று தொடங்கிய எரிச்சல் வயிற்றை விட்டு இறங்கவேயில்லை. வீட்டிலும் நிம்மதி இல்லை. சாயங்காலம் ஆர்ச்சி ரயிலடி சிக்னல் கொட்டகையிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கையைக் கழுவுவான். கணப்படுப்புப் பக்கம் உட்கார்ந்து, தங்கையின் மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைப்பான்.

"என் மட்டையை ஒரு தடவையாவது துடைச்சிருக்கியா நீ?" என்று ஃபெமி உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே கேட்டாள்.

"உன் மட்டையைத் தொட்டா கையை முறிப்பேன்னு சொன்னது யாரு?"

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"இருபது வருஷமா நிஜம்னு நம்பிட்டேன் நான்."

நெட்டா சிரித்தாள். ஃபெமிக்கு அந்தச் சிரிப்பும் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தது போலத் தோன்றியது.

ஒரே ஒரு ஆறுதல் கிடைத்தது. அமெரிக்காவில் அந்த வருடம் பந்தைப் பெரிதாக்கி எடையைக் குறைத்திருந்தார்கள். நெட்டா கொண்டுவந்த பந்துகள் அப்படிப்பட்டவை. பிட்கரோக் கடற்காற்று அவற்றைக் கோழி இறகு மாதிரி தூக்கிக்கொண்டு போய் மஞ்சள் பூ முட்புதரில் செருகியது. நெட்டா குனிந்து முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு தேடுவதைப் பார்க்க ஃபெமிக்கு இனித்தது. ஒரு வாரம்தான். நெட்டா வந்து கேட்டாள்: "ஃபெமி, இந்த ஊருக் காத்துக்கு எந்தப் பந்துடி எடுக்கலாம்? பெட்ரி கடையில ஏகப்பட்டது வச்சிருக்கான்."

ஃபெமிக்குத் தெரியாத பந்தா? காற்றைக் கிழித்துப் போகும் சின்னப் பந்து, குழிவு அழுத்தமாக இருப்பது, கடைக் கல்லில் போட்டால் மார்பு வரை எழும்புவது. அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். வாய் வேறொன்றைச் சொன்னது.

"பச்சைத்தாள் சுத்தி வச்சிருப்பான் பாரு, அதை எடு. பூ மாதிரி இருக்கும்."

பூ மாதிரிதான் இருந்தது. தோல் அவ்வளவு மெல்லிசு. இரும்பு மட்டை ஒரு தடவை சரியாகப் படாவிட்டால் பந்து வாயைப் பிளந்துவிடும். நெட்டா மூன்று பந்துகளைப் பிளந்தாள். பிறகு பெட்ரியிடம் தானே விசாரித்து வேறு வாங்கிக்கொண்டாள். பிளந்த பந்துகளைச் சாப்பாட்டு மேசையில் ஃபெமியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆர்ச்சி, "என்னது, முட்டையா?" என்று கேட்டான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைவலி என்று சொல்லி ஃபெமி தேவாலயத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். அண்ணனும் தங்கையும் கிளம்பிப் போய், மணியோசை நின்று, தெருவில் சத்தம் அடங்கியதும், நடைவழியில் சாத்தியிருந்த பையிலிருந்து நெட்டாவின் பெரிய மட்டையை உருவினாள். ஞாயிற்றுக்கிழமை பிட்கரோவில் பிள்ளைகள் ஊஞ்சல் கூட ஆடமாட்டார்கள். அன்றைக்கு மட்டையை ஓங்குவது திருடுவதைவிடக் கேவலம். கூடவே இது அடுத்தவள் மட்டை. இரண்டு பாவத்தையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு துணி காயப்போடும் புல்தரைக்குப் போனாள். சுவருக்கு அப்பால் கடல் வற்றிக் கிடந்தது.

ஒரே ஒரு பந்து. ஓங்கினாள். அரை மூச்சு காத்திருந்தாள், பழக்கத்தில். அந்த மட்டை காத்திருக்கச் சொல்லவே இல்லை. இறங்கு என்றது. அடியின் அதிர்வு கையில் தெரிவதற்குள் பந்து சுவரைத் தாண்டி, ஈர மணலைத் தாண்டி, பாறைகளையும் தாண்டிப் போய் தண்ணீரில் விழுந்தது. ஃபெமி வாழ்நாளில் அவ்வளவு தூரம் அடித்ததில்லை. கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அந்தச் சந்தோஷமே புளித்துப்போனது. இது நெட்டாவுக்குத் தினமும் கிடைக்கிறதே!

மட்டையை ஏப்ரன் நுனியில் துடைத்துத் திருப்பி வைத்தாள். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நெட்டா நடைவழிக்குப் போய்த் திரும்பி வந்தாள். விரல் நுனியில் ஒரு புல்லிதழ் ஒட்டியிருந்தது. அதை ஊதிவிட்டு உட்கார்ந்து, "தலைவலி தேவலையா?" என்று கேட்டாள்.

"தேவலை," என்றாள் ஃபெமி.

அதோடு அவள் வாயை அடக்கியிருக்கலாம். ஆனால் பதக்கப் போட்டி நெருங்க நெருங்க, ரொட்டிக்கடைக்கு வருகிற எல்லோரும் நெட்டா, நெட்டா என்றார்கள். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு பேரும் வந்து சேர்ந்த நாளில், கடை நிறைய ஆள் இருக்கும்போது ஃபெமி வெடித்தாள்.

"அவ அடிக்கிறாளா? மட்டை அடிக்குது! அந்த இரும்பை என் கையில குடுங்க, அவளை அஞ்சாவது குழியிலேயே வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசலில் நெட்டா நிற்கிறாள்.

"சரி. எடுத்துக்கோ," என்றாள் நெட்டா.

"எதை?"

"என் பையை. நீ என்னதை வச்சு ஆடு, நான் உன்னதை வச்சு ஆடுறேன். என் மட்டை உன் கையில நல்லாத்தான் போகும்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமைப் புல்லு சொல்லிச்சு."

ஃபெமிக்குக் காது வரை சிவந்தது. பெசி, "என்ன ஞாயித்துக்கிழமை? என்ன புல்லு?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மறுத்தால் அந்தக் கேள்விக்கு நெட்டா பதில் சொல்லிவிடுவாள். "சரி," என்றாள் ஃபெமி. ஓட்ஸ் பிஸ்கட்டுக்குப் பதிலாக யாருக்கோ பன் கட்டிக் கொடுத்தாள்.

சங்கச் செயலாளர் மிஸ் ராட்ரே விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "மாத்திக்கக் கூடாதுன்னு எங்கேயும் போடலை. ஆனா இப்படியொரு கிறுக்கு இருக்கும்னு எழுதினவங்களுக்குத் தோணியிருக்காது," என்றார்.

ஆட்டத்தன்று பாதி ஊர் வந்திருந்தது. எஃகு மட்டையை எடுத்து ஃபெமி அடித்த முதல் அடியிலேயே கூட்டம் "ஓ" என்றது. நெட்டா துவளும் ஹிக்கரியை அவசரப்பட்டு இறக்கினாள். பந்து இடது பக்கம் சுருண்டு மணல்குழிக்குள் போனது. குறைந்த அடியில் முடித்தவளுக்கே அந்தக் குழி; முதலாவதும் இரண்டாவதும் ஃபெமிக்கு. ஃபெமி முன்னேறிக்கொண்டே போனாள். வயிற்றெரிச்சல் அடங்கி, நெஞ்சுக்குள் குளுகுளுவென்று ஒன்று பரவியது. அரை மூச்சைப் பற்றி நெட்டாவிடம் அவள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

ஓடையைத் தாண்டி அடிக்க வேண்டிய, தூரம் குறைந்த குழி வந்தது. நெட்டா பையில் கையை விட்டு மேஷியை எடுத்தாள். எடுத்ததும் உடனே அடிக்கவில்லை. பிடியைக் கையில் மெதுவாகத் திருப்பினாள். பழந்தோல் பிடியில், கட்டைவிரல் படும் இடத்தில், ஒரு தேய்ந்த பள்ளம் உண்டு. அது ஆர்ச்சியின் விரல் தடம் என்று ஃபெமி நினைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் அதில் தன் விரலை வைத்து, கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டிருக்கிறாள். நெட்டாவின் நீண்ட கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் போய்ப் படுத்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி.

ஓங்கினாள். காத்திருந்தாள். இறக்கினாள். பந்து ஓடைக்கு மேலே உயர்ந்து, காற்றில் சாய்ந்து, கொடிக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்தது.

கூட்டம் கத்தியது. ஃபெமிக்கு எதுவும் காதில் விழவில்லை. இத்தனை நாள் அவளை அரித்தது வேறு, இப்போது வந்தது வேறு. முன்பு அரித்தது, நெட்டாவிடம் இருப்பது தனக்கு இல்லையே என்பது. இப்போது வந்தது, தன்னுடையது என்று நினைத்தது தன்னுடையதாகவே இருந்ததில்லை என்பது. தன் கட்டிலில் வேறொருத்தி பழகிய உரிமையோடு கால் நீட்டிப் படுத்ததைப் பார்த்தது போல இருந்தது.

அங்கிருந்து நெட்டா எல்லாவற்றுக்கும் மேஷியையே எடுத்தாள். மேட்டிலிருந்து மேஷி, முட்புதர் ஓரத்திலிருந்து மேஷி, உருட்ட வேண்டிய இடத்தில்கூட மேஷி. விட்ட குழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தாள். கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். ஃபெமி எஃகு மட்டையை இருந்த கோபம் எல்லாம் சேர்த்து வீசினாள். அது கோபத்தையும் தாங்கியது. ஹிக்கரி என்றால் கோணிக்கொண்டு போயிருக்கும். நெட்டாவின் பந்துக்கு வெகு முன்னால் போய் விழுந்தது. ஒரு குழி வித்தியாசத்தில் ஃபெமி ஜெயித்தாள்.

கைதட்டினார்கள், தூரத்துச் சொந்தக்காரர் கல்யாணத்தில் தட்டுகிற மாதிரி. கடைக்காரர் பெட்ரி தொப்பியைத் தூக்கி, "இரும்பு ஜெயிச்சிருச்சு!" என்றார். அது ஃபெமி சொன்ன வார்த்தைதான். மட்டைதான் அடிக்கிறது என்று ஊருக்கு அவளே தீர்ப்புச் சொல்லியிருந்தாள். ஊர் அதை மறக்கவில்லை. மறுநாளே பெட்ரியின் சன்னலில் நின்ற எஃகு மட்டை விற்றுப்போனது.

திரும்பும்போது கடலோரப் பாதையில் அவர்கள் இருவர் மட்டும் நடந்தார்கள். ஆர்ச்சி வேலைக்குப் போய்விட்டான்.

"அந்த மேஷி யாருது?" என்று கேட்டாள் ஃபெமி.

"உன்னது."

"பசப்பாதே. அதுக்கு முன்னாடி?"

நெட்டா கடலைப் பார்த்தாள். "அண்ணன்தான் வாங்கினான். அவனுக்கு அது வசப்படலை. நான்தான் சின்ன வயசிலேர்ந்து வீட்டுப் பின்னால அதை வச்சு ஆடினேன். எனக்குத்தான்னு நினைச்சிட்டிருந்தேன். உங்க கல்யாணத்தன்னிக்கு அதுல ரிப்பனைக் கட்டி உன் கையில குடுக்கிறான். எனக்கு எப்படியிருக்கும்? அடுத்த கப்பலைப் பிடிச்சேன்."

"ஒரு மட்டைக்காகவா அமெரிக்கா போனே?"

"கேக்க அசிங்கமாத்தான் இருக்கு."

"நீ வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே?"

"நீ என் பெரிய மட்டையைக் கேட்டியா?"

வீட்டுக்கு வந்த ஆர்ச்சியிடம் ஃபெமி கேட்டபோது, அவன் கரண்டியைக் கீழே வைத்து, "அவளுக்கு அது வேணும்னு அவ சொல்லவே இல்லையே," என்றான். நிஜமாகவே திகைத்திருந்தான். இரண்டு பெண்களும் அவனைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக ஒற்றுமை இருந்தது.

மேஷியை ஃபெமி விட்டுக்கொடுக்கவில்லை, அப்போது. அவரவர் பை அவரவரிடம் திரும்பியது. ஆனால் அதன் பிறகு மேஷியைப் பிடித்தால் கட்டைவிரல் பள்ளத்தில் ஆடியது. முன்பும் ஆடியிருக்கும், அப்போது தெரியவில்லை. ஓடைக்குழியில் அடிக்கும்போதெல்லாம் நெட்டாவின் பந்து கண்முன் எழுந்து போனது. அவளுடைய பந்து ஓடைக்குள் போனது. அக்டோபரில் ஒரு சாயங்காலம், பின்னறைக் கதவைத் தள்ளி மேஷியைக் கட்டில்மேல் எறிந்தாள்.

"வச்சுக்கோ. என் கையில இருந்துக்கிட்டு உன்னையே தேடுது சனியன்."

நெட்டா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நன்றி என்று சொல்லவில்லை. பதிலுக்கு எஃகு மட்டை ஒன்றைத் தருவாள் என்று ஃபெமி கதவருகே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அதுவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாள் பெட்ரி கடைக்குப் போனாள்.

பெட்ரி புதிதாக வந்த எஃகு மட்டைகளைப் பரப்பினார். ஃபெமி காம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். பார்க்க ரேகையே இல்லை. "ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே இல்லைம்மா, எதை எடுத்தாலும் ஒண்ணுதான்," என்றார் பெட்ரி. "அதை நான் சொல்லணும்," என்று எல்லாவற்றையும் வீசிப் பார்த்தாள். கடை அடைக்கும் நேரம் வரை வீசினாள். கடைசியில் எடுத்தது, நெட்டாவுடையதைவிடக் கொஞ்சம் நீளமான ஒன்று.

அடுத்த வசந்தத்தில் பக்கத்து ஊரில் ஜோடிப் போட்டி. ஒரு ஜோடிக்கு ஒரே பந்து. மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். மிஸ் ராட்ரே இவர்கள் இருவரையும் ஒரே ஜோடியாகப் போட்டார். வேறு யாரும் இருவருக்கும் ஈடு இல்லை. நீண்ட குழி ஒன்றில் ஃபெமி தன் எஃகு மட்டையால் நல்ல தூரம் அடித்தாள். நெட்டா மேஷியை எடுத்து, பந்தைக் கொடியின் காலடியில் இறக்கினாள். வேற்றூர்க்காரர்கள் கைதட்டினார்கள். ஃபெமியும் தட்டினாள். தன் ஜோடிதான், தன் பந்துதான். இருந்தும் வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் ஒரு சுற்றுச் சுற்றியது.

"நல்லா அடிச்சேன்னு சொல்லேன்டி, வாய் கோணிடுமா?" என்றாள் நெட்டா.

"கொஞ்சம் எட்ட நின்னுடுச்சு."

"இதுவா எட்டம்? வயித்தெரிச்சலோட உருட்டாதே. குழி ரெண்டாத் தெரியும்."

ஃபெமி உருட்டினாள். பந்து குழிக்குள் போனது. அந்தக் குழியை ஜெயித்தார்கள், போட்டியை ஜெயிக்கவில்லை. யாரால் போனது என்ற சண்டை ரயிலில் ஏறியது முதல் பிட்கரோவில் இறங்கும் வரை ஓயவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பாதிரியார் அடுத்த ஸ்டேஷனிலேயே வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டார்.